திறக்காத டேங்க்கின் பெருமை

இந்த ஊரில் காப்பி குடித்துக்கொண்டே கக்கூஸைப் பற்றிப் பேசுவார்கள். பின்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய சங்கடம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை பார்க்கும் மார்யா, போன கோடையில் ஏரிக்கரையில் இருக்கும் தன் மரவீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே கக்கூஸ் தோட்டத்துக் கோடியில் தனியாக நின்றது. ஹூஸ்ஸி என்று பெயர். தண்ணீர் கிடையாது, முடித்ததும் மரப்பட்டைத் தூளை ஒரு கரண்டி அள்ளி மேலே தூவிவிட்டு வரவேண்டும். தண்ணீர் இல்லாமல் எப்படி என்று நம் ஆட்கள் கேட்பது காதில் விழுகிறது. நான் பாட்டிலோடுதான் போனேன். திரும்பி வந்தால் மேசையில் அதைப் பற்றியே விசாரணை. தூள் போட்டாயா, ஈரம் அதிகமா, வாடை வந்ததா என்று. நம் வீடும் ஒன்றும் குறைந்ததில்லை என்று காட்ட வேண்டுமே, காட்டூரில் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க்கை கட்டின நாளிலிருந்து ஒரு தடவைகூடத் திறந்ததில்லை என்றேன். மார்யா கப்பைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் பாராட்டைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் பக்கம் அது எவ்வளவு பெரிய கௌரவம் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா வீடு கட்டியபோது, ரூமைச் சின்னதாக்கினாலும் டேங்க்கைப் பெரிசாப் போடுங்க என்றுதான் கொத்தனாரிடம் சொன்னார். சொந்தக்காரர்கள் வந்தால் ஹாலைக் காட்டுவார், மாடியைக் காட்டுவார், அப்புறம் வாசலில் நின்று காலால் தரையைத் தட்டி, "பேரன் காலம் வரைக்கும் தொட வேண்டியதில்ல" என்பார். கேட்டவர்கள் தலையாட்டிப் பொறாமைப்படுவார்கள். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு டேங்க், டேங்க்குக்கு டேங்க் பெருமை.

மார்யா பொறுமையாக விளக்கினாள். அவர்கள் ஊரில் டேங்க் வைத்த வீடுகளில் தவறாமல் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகுமாம். திறக்காமலே விட்டால் கசிந்து நிலத்தடித் தண்ணீரில் கலந்து நோய் வருமாம், அதனால்தான் உடம்பைப் பற்றிக் கேட்டாளாம். காற்றே படாமல் அடியில் சகதி சேரச் சேர அது மீத்தேனை விட்டுக்கொண்டே இருக்குமாம். பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவையே தூக்கிச் சாப்பிடுமாம். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, ஆனால் ஜீயபுரத்தில் சித்தப்பா வீட்டில் சாணத் தொட்டியிலிருந்து குழாய் போட்டு அடுப்பு எரித்ததைப் பார்த்தவள். அதே வாயுதான். அங்கே குழம்பு கொதித்தது, எங்கள் வீட்டில் சும்மா வானத்துக்குப் போகிறது. காரும் ஃபேக்டரியும்தான் உலகத்தைக் கெடுக்கிறது என்று நினைத்திருந்த எனக்கு, எங்கள் வாசலும் அதில் கூட்டு என்பது தூக்கிவாரிப் போட்டது.

இப்போது அந்த வீட்டில் இருக்கும் அண்ணனிடம் இதைப் போனில் சொன்னபோது, தன் மகள் நிச்சயதார்த்தத்துக்காக வாசல் முழுக்க கிரானைட் போடப்போவதாகச் சொன்னான். கல் பதித்துவிட்டால் டேங்க் கதை அத்தோடு முடிந்தது, அப்புறம் உடைத்தால்தான் உண்டு. அதற்கு முன்னால் மூடியைத் தேடி எடுத்து, தூக்குகிற மாதிரி வைத்துவிடு என்று கெஞ்சினேன். அண்ணன் ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார், அறிவியல்தான் எடுக்கிறான். "மீத்தேன் எட்டாங்கிளாஸ் பாடம் ரீட்டா, அதை ஏன் என் வாசலுக்குக் கொண்டுவர்ற?" என்றான். அண்ணி ஜெசிந்தா போனை வாங்கி, வெளிநாடு போனவங்க சென்ட்டு, சாக்லேட்டுன்னு பேசுவாங்க, நீ கக்கூஸைக் கட்டிக்கிட்டு அழுவுற என்றார். சம்பந்தி வீட்டார் பாலக்கரையிலிருந்து வந்து இறங்கும் வாசலில் டேங்க் மூடி தெரிவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் நான் போய் இறங்கினபோது கிரானைட் பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. மூடியைத் தேட ஒரே ஒரு காலைப்பொழுது கேட்டேன், அண்ணனும் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தான். மேஸ்திரி கடப்பாரையின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். கேட் பக்கம் என்றான் அண்ணன். குரோட்டன்ஸ் தொட்டி பக்கம் என்றேன் நான். இரண்டு இடத்திலும் தரை கெட்டியாகத்தான் இருந்தது. அப்பா இருந்திருந்தால் காலால் தட்டிக் காட்டியிருப்பார். கடைசியில் டொம்மென்று சத்தம் கேட்ட இடத்தில் மூன்று பேரும் நின்றுவிட்டோம். மாதா சிலைக்காகக் குகை மாதிரி அண்ணன் ஆசையாகக் கட்டிய கெபியின் பீடம் அது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாதாவை நகர்த்துவதற்கு அண்ணி சம்மதிப்பார் என்று யார் நினைப்பார்கள்? ஜெபமாலை சொல்லாமல் தூங்காதவர். அவர் உள்ளேயிருந்து வந்து பீடத்தைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், அண்ணனைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "ஏங்க, இத்தனை வருஷமா மாதாவை இது மேலயா நிக்க வச்சிருந்தீங்க?" என்றார். அண்ணன் குனிந்து சிலையைத் தூக்கினான். அன்று மத்தியானத்துக்குள் மாதா மல்லிகைக் கொடிப் பக்கம் குடிபோய்விட்டார். பீடத்தை எடுத்துவிட்டு டேங்க்குக்கு இரும்பு வளையம் வைத்த புது மூடி போட்டு, அதைச் சுற்றிக் கிரானைட் பதித்தார்கள். சம்பந்தியம்மா வந்த அன்று வளையத்தைப் பார்த்துவிட்டு, இது என்னங்க என்று கேட்டார். அண்ணி கூச்சமே இல்லாமல் மீத்தேன் வரைக்கும் விளக்கினார். அந்த அம்மா ரகசியமாக, எங்க வீட்டுல அடுப்படிக்குக் கீழ இருக்குங்க, என்ன பண்ணலாம் என்று யோசனை கேட்டார்.

டேங்க்கை உறிஞ்ச ஏற்பாடு செய்த லாரி வருவதற்கு முன்னால் என் லீவு முடிந்துவிட்டது. ஆள் யாரும் உள்ளே இறங்கக்கூடாது, குழாயாலேயே உறிஞ்ச வேண்டும், வாய்க்காலில் கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணனிடம் பேசிவைத்துவிட்டுக் கிளம்பினேன். லாரி வந்த அன்று அண்ணன் வீடியோ கால் போட்டான். என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போனுக்குள்ளே காட்டூர் வெயில், லாரியின் உறுமல், தெருவே கூடி நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் அடுத்தது எங்க வீட்டுக்கு வாங்க என்று டிரைவரைக் கூப்பிடுகிறார், பக்கத்து வீட்டம்மா எனக்கு முன்னாடி அவரா என்று சண்டைக்கு நிற்கிறார். அண்ணி கேமரா முன்னால் வந்து, "நல்லாப் பாத்துக்க, உன்னால வந்த வினை" என்று சிரித்தார். இரண்டு பேர் வளையத்தைப் பிடித்துத் தூக்க, மூடி மெல்ல நகர்ந்தது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. பின்லாந்தில் என் கையும் தானாக மூக்குக்குப் போனது.