தூசிக்குத் தின்ற வெல்லம்

எங்க ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கு. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஊர் ஆட்களை ஏத்திக்கிட்டுப் போய், சாயந்திரம் திரும்பக் கொண்டாந்து விடுறது என் வேலை. வேனில் எனக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டு சோலையம்மாளுடையது. வேற யாராவது அதில் உட்கார்ந்துட்டா ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். கம்பெனி வர்ற வரைக்கும் அவங்க தலைக்கு மேலே நின்னு பார்த்துக்கிட்டே வருவாள். மறுநாள் சீட்டு தானாக் காலியாயிரும்.

பூச்சட்டிப் பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கிற ஷெட்டில் அவளுக்கு வேலை. எம்புட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளி மாதிரிப் பொடி மின்னும். புருஷன் நாகையா லோடு ஏத்துற வேலையில் இருந்தவன். சர்க்கரை வந்து, காலில் பட்ட ஒரு சின்னக் காயம் ஆறாமல், பெருவிரலை எடுத்துட்டாங்க. புண் இன்னும் முழுசா மூடலை. காலையில் அவன் காலுக்குக் கட்டு மாத்திட்டுத்தான் சோலையம்மாள் வேன் ஏறுவாள்.

போன சித்திரையில் ஊரில் சர்க்கரை பார்க்கிற கேம்ப் போட்டாங்க. இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஊர் நர்சம்மா வேல்விழி சொன்னாங்க: "சர்க்கரை இன்னும் வரலக்கா. ஆனா வாசல்ல வந்து நிக்குது. இப்பவே சாப்பாட்டை மாத்துனா திரும்பிப் போக வாய்ப்பிருக்கு. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

மறுநாள் வேன் நாரணாபுரத்துக்கு ரோடு பிரியுற விலக்குக்கு வந்தப்ப கேட்டாள்.

"அண்ணே, எனக்கும் வந்துட்டா, யாரு காலுக்கு யாரு கட்டுப் போடுறது?"

ரோட்டில் ஆள் இல்லாமலே ஹாரன் அடிச்சேன்.

அன்னையிலேர்ந்து வாயைக் கட்டினாள். தூக்குவாளி நிறைய வெள்ளைச் சோத்தை அமுக்கிக் கொண்டு வந்தவள், சோத்தைப் பாதியாக்கிட்டு மீதிக்குக் கீரையும் அவரைக்காயும் பாசிப்பயறும் வச்சுக்கிட்டாள். ராத்திரி குதிரைவாலிச் சோறு, அதுவும் அளவாத்தான். டீக்கடையில் சீனி இல்லாத டீ. கடைக்காரர் மறந்து சீனி போட்டுட்டா கிளாஸை அப்படியே வச்சுட்டு வந்து ஏறிக்குவாள். சேவுப் பொட்டலம் சீட்டு சீட்டாக் கைமாறி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாள்.

பின் சீட்டு மாரிக்கனி சும்மா இருப்பாளா.

"என்ன மதினி, இடுப்பு குறையுது. சினிமாவில நடிக்கப் போறீகளா?"

"ஆமாடி. ஒன் மாமியா வேஷத்துக்குக் கூப்பிட்டிருக்காக. மூஞ்சியைக் கொஞ்சம் கடுகடுன்னு வச்சாப் போதுமாம்."

ஆடியில் மறுபடி ரத்தம் எடுத்தாங்க. குறையலை. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்துச்சு. என்ன சாப்பிட்டீக, எம்புட்டு, எத்தனை மணிக்குன்னு நர்சம்மா துருவித் துருவிக் கேட்டிருக்காங்க. இவளும் ஒண்ணும் ஒளிக்காமச் சொல்லியிருக்கிறாள். ஒண்ணும் தட்டுப்படலை. இன்னும் ஏறுனா மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கேட்கணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

"நாகையாவும் இப்படித்தான் ஒரு மாத்திரையில ஆரம்பிச்சாரு" என்றாள் என்கிட்ட. அழவெல்லாம் இல்ல. கையைப் பார்த்துக்கிட்டே சொன்னாள்.

ஆவணியில் ஒருநாள் சாயந்திரம் நர்சம்மா பஸ்ஸை விட்டுட்டு விலக்கில் நின்னாங்க. ஏத்திக்கிட்டேன். சோலையம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். கொடுத்துட்டு, மடியிலிருந்து எலுமிச்சம்பழம் தண்டி ஒரு வெல்லக்கட்டியை எடுத்தாள்.

எங்க பக்கம் இது வழக்கம். மருந்துத் தூசியில் வேலை பார்த்தவங்க வேலை முடிஞ்சதும் வெல்லம் தின்பாங்க. நெஞ்சில் ஒட்டின தூசியை அது அடிச்சுக்கிட்டுப் போயிரும்னு நம்பிக்கை. எங்க போர்மேனே ஆளுக்கு ஒரு கட்டி கொடுப்பார். தீபாவளி சீசன் நெருங்க நெருங்க மத்தியானமும் ஒண்ணு உண்டு.

சோலையம்மாள் கட்டியை உடைச்சு ஒரு பாதியை வாயில் போட்டாள். மறுபாதியை நர்சம்மாகிட்ட நீட்டினாள்.

"இந்தா தாயி. நீயும் ஊசி மருந்து வாடையிலேயே திரியுற."

அவங்க வாங்கலை. "என்னக்கா இது?"

"வெல்லம்."

"தெரியுது. தினமும் தின்பீகளா?"

"தின்னாம? தூசி போகணும்ல."

"அம்புட்டுக் கேட்டேனேக்கா. இதை ஏன் சொல்லல?"

"நீ சாப்பாட்டைப் பத்தித்தான கேட்ட. இது தூசிக்குத் திங்கிறது."

நர்சம்மா நெத்தியில் கையை வச்சுக்கிட்டாங்க. மாரிக்கனி பின்னாலேர்ந்து வக்காலத்துக்கு வந்தாள். "அதை விட்டா நெஞ்சு அடைச்சிரும் நர்சம்மா. எங்க அய்யா காலத்திலேர்ந்து திங்கிறோம்."

"தூசி மூச்சுக் குழாய் வழியா நெஞ்சுக்குப் போகுது. வெல்லம் வயித்துக்குப் போகுது. ரெண்டும் எங்கன சந்திக்கும், சொல்லுங்க பாப்போம். தூசிக்கு மூக்கை நல்லாக் கட்டணும். சீனியை விட்டுட்டு இதைத் தின்னா, ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சோலையம்மாளுக்கு ஒரு கன்னம் மட்டும் உப்பி இருந்துச்சு. முழுங்கலை. ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டித் துப்பினாள்.

சோத்தைக் குறைச்சதை விட இதுதான் அவளுக்குக் கஷ்டமா இருந்துச்சு. சோறு குறைஞ்சா பசிக்கும், அம்புட்டுத்தான். வெல்லத்தை விட்டா தூசி உள்ள தங்கிருமேன்னு பயம். முதல் வாரம் லேசா இருமினாலே நெஞ்சைத் தடவிக்கிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். கம்பெனியில் கேட்டு நல்ல மாஸ்க் வாங்கி இறுக்கிக் கட்டிக்கிட்டாள். புண்ணைக் காட்ட சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போற நாகையா, கம்பை ஊனி நடந்து பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் வாங்கிட்டு வருவான். "வாய் சும்மா இருக்காதுல்ல, இதைக் கடி" என்பானாம். போர்மேன் கட்டியை நீட்டினா, "வேண்டாம் சார், மூக்கைக் கட்டியிருக்கேன்" என்று நகர்ந்துருவாள். அப்படியே சீசன் முடிஞ்சு தீபாவளியும் போச்சு.

கார்த்திகையில் ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு, காலையில் வேன் கிளம்புற நேரத்துக்கு நர்சம்மா வேகமா வந்து ஜன்னலைத் தட்டினாங்க.

"அக்கா, எறங்கிருச்சு. மத்தவுகளுக்கு இருக்கிற அளவுக்கு வந்துருச்சு. மாத்திரை வேண்டாம். ஆனா இப்படியே இருக்கணும், விட்டா திரும்ப வந்துரும்."

சோலையம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைச்சாள். "அண்ணே, வீட்டுல சொல்லிட்டு வந்துர்றேன்."

லேட்டா வர்றவங்களை நான் ஏசாமல் விட்டதில்லை. அன்னைக்கு இஞ்சினை அணைச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது கையில் ஒரு பை. நல்ல சேதின்னா வேனுக்கே இனிப்பு வாங்கிக் கொடுக்கிறது எங்க வழக்கம். எல்லாரும் பையையே பார்த்தாங்க. உள்ளே வெள்ளரிக்காய். கீறி, உப்பும் மிளகாப்பொடியும் தடவி வச்சிருந்தாள்.

"இதுக்கு அல்வா கிடையாதா மதினி?" என்றாள் மாரிக்கனி.

"நீ வாங்கித் தின்னுடி. ஒனக்குக் கட்டுப் போட மட்டும் என்னைக் கூப்பிடாத. எனக்கு வீட்டுல இருக்கிற ஒரு கால் போதும்."

கம்பெனி போய்ச் சேர நேரமாயிருச்சு. கேட்டைத் திறந்த வாட்ச்மேன், ஏன் லேட்டுன்னு கேட்டான். மீதி இருந்த ஒரு வெள்ளரிக்காயை அவன் கையில் கொடுத்துட்டு வண்டியை உள்ளே விட்டேன்.