சேவியர் அண்ணன் கையில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி

இன்று காலை ரிங்லெட் ஊர்ப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், செடிகளுக்கு நடுவே ஓர் அம்மா குப்புறக் கிடந்தார். மயங்கி விழுந்துவிட்டார் என்று நானும் மருந்தடிக்கும் சேவியர் அண்ணனும் ஓடினோம்.

மயக்கமெல்லாம் இல்லை. கையில் பெரிய கேமரா. பட்டாம்பூச்சி ஆராய்ச்சி செய்கிறவராம், கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறார்.

நிமிர்ந்தவர் அண்ணனைப் பார்த்துப் பதறினார். "அசையாதீங்க! உங்க கையில உட்கார்ந்திருக்கு!"

அண்ணனின் வியர்த்த முழங்கையில், நகம் அளவுக்கு ஒரு நீலப் பட்டாம்பூச்சி உப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அபூர்வ இனமாம். பல வருடங்களாக இதைத் தேடித்தான் மலையேறுகிறாராம்.

முதுகில் மருந்து டாங்கியோடு அண்ணன் சிலையாக நின்றார். அந்த நேரம் பார்த்துக் கங்காணி வந்தார்.

"ஏன்டா சும்மா நிக்கிற?"

"கையில பூச்சி இருக்கு கங்காணி. அசையக் கூடாதாம்."

"உன் வேலையே பூச்சிய கொல்றதுதானடா!"

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "சார், இந்த ஓரத்துல மட்டும் மருந்து அடிக்காதீங்க, ப்ளீஸ்."

கங்காணியை இதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. மனிதர் உருகிவிட்டார். "சரிலா, மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்த அம்மா படமெடுத்து முடிக்க, பூச்சி வயிறு நிறைந்து பறந்தது. ஓரம் தப்பித்தது.

இப்போது சேவியர் அண்ணன், "என் போட்டோ ஆராய்ச்சி புக்குல வரப்போவுது" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். போகும்போது என் நம்பரை வாங்கிப்போன அந்த அம்மா, படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். பட்டாம்பூச்சி பளிச்சென்று இருக்கிறது. அண்ணனின் முழங்கையும் இருக்கிறது. முகம் இல்லை.

இதை அவரிடம் யார் சொல்வது?