ஆமைக்கு வைத்த விளக்கு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். ஆமை வராமல் பார்த்துக்கொண்டதால் உருப்படாமல் போன வீடு எங்களுடையது.

காரைக்காலுக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். தை, மாசியில் அப்பாவின் வலையில் ஆமை சிக்கும். தப்பிக்கத் திமிறி வலையைக் கிழித்துவிட்டு, கடைசியில் மூச்சு முட்டி அதுவும் செத்துப்போகும். ஆமைகளைக் காப்பாற்ற வந்த சிலர் அப்பாவுக்குச் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் கொடுத்தார்கள். வலையின் மேற்கயிற்றில் கட்டிவிட்டால் உப்புத் தண்ணீர் பட்டதும் எரியும். ஆமை வலையைப் பார்த்து விலகிவிடும். மீன் எப்போதும்போல் விழும். அந்தப் பருவம் முழுக்க அப்பாவின் வலை கிழியவில்லை. அம்மா மீன் விற்கப் போன பக்கத்து ஊர் நெரவியின் தெருக்களுக்கும் இந்தப் பெருமையைக் கூடையோடு சுமந்து போனாள்.

ஆனால் விளக்கு வைத்து மீன் பிடிக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் கட்டுப்பாடு உண்டு. பெரிய படகுக்காரர்கள் கடலில் பகல்போல வெளிச்சம் போட்டு, அதைத் தேடி வரும் மீனையெல்லாம் குஞ்சு குளுவான் மிச்சமில்லாமல் வாரிக்கொண்டு போவார்கள். அதைத் தடுக்க ஊரே சேர்ந்து போட்ட கட்டுப்பாடு அது. அதற்காகச் சாலை மறியலில் உட்கார்ந்தவர்களில் அப்பாவும் ஒருவர். அவர் வலையில் வெளிச்சத்தைக் கண்டு யாரோ சொல்லிவிட, பஞ்சாயத்து கூடியது. தலைவர் வேறு யாருமில்லை, என் பெரியப்பாதான்.

இது மீனைக் கூப்பிடும் விளக்கு இல்லை, வந்து பாருங்கள் என்று அப்பா மன்றாடினார். பெரியப்பா குனிந்த தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"நீ ஆமைக்குத்தான் வச்சன்னு எனக்குத் தெரியும்டா. நாளைக்கு இன்னொருத்தன் மீன இழுக்க வச்சுட்டு, இதுவும் ஆமைக்குத்தான்னு சொல்லுவான். தண்ணிக்குள்ள எறங்கியா பாக்க முடியும்?"

சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் தொழிலுக்குப் போகலாம் என்றார்கள். செய்யாத தப்புக்கு விழமாட்டேன் என்று அப்பா வந்துவிட்டார். ஊர் எங்களை ஒதுக்கிவைத்தது. மறுநாள் முதல் அவர் படகைத் தள்ள ஒரு கை வரவில்லை. ஏலத்தில் அம்மாவுக்கு யாரும் மீன் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளையான எனக்கோ ஒரே குஷி. அப்பா வீட்டிலேயே இருந்தார், என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார், வலையிலிருந்து அறுத்த விளக்கு ஒன்றை விளையாடக் கொடுத்தார். உப்புக் கரைத்த வாளியில் போட்டுப் போட்டு நான் அதை எரியவிடுவேன். அப்பா அந்த வாளிப் பக்கமே வரமாட்டார்.

வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் போனபோது, அவர் மேற்குக் கடற்கரைக்குக் கூலியாகப் போனார். ஒரு சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசினார். துறையில் படகு கிளம்பும் நேரம். அவர் முதுகுக்குப் பின்னால் படகில் பெரிய பெரிய விளக்குகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் கூசியது.

"அப்பா, ஒங்க போட்டுலயும் வெளக்கா?"

"ஆமாம்மா."

"அப்ப ஆமை வராதுல்ல?"

அப்பா திரும்பி அந்த விளக்குகளைப் பார்த்தார்.

"எல்லாம் வரும்மா" என்றார்.

அந்த நல்ல சேதியோடு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். பேசக் கூடாது என்ற விலக்கெல்லாம் பெரியவர்களுக்குத்தானே என்று பெரியப்பா வீட்டுக்கும் போய், அப்பாவின் படகில் பெரிய விளக்கு இருக்கிறது, அதற்கு எல்லாமே வருகிறதாம் என்று சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். அப்பாவுக்கு அவ்வளவு மீன் கிடைப்பதில் ஏன் ஒருவருக்கும் சந்தோஷமே இல்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.