கண்ணாடி இல்லாத படங்கள்

அக்காவுக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. பதினொரு வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுத்து, விளிம்பு தேய்த்து, பிரேமில் பொருத்துகிறாள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் திரும்பத் தேய்ப்பாள். அவள் தங்கையை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். வயது பதினாறு. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது.

போனில் சுண்டு தன் படங்களைப் போடும் சமூக ஊடகப் பக்கத்தில் நூற்றுப் பதினேழு படங்கள் இருந்தன. ஒன்றில்கூடக் கண்ணாடி கிடையாது. அக்கா எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையின் கண்ணாடியைத் துடைக்க எடுத்தவளுக்குக் கை அப்படியே நின்றது. மூக்கில் படும் சின்ன ரப்பர்த் துண்டுகள் வியர்வைபட்டு மூன்று மாதத்தில் மஞ்சளாகிவிடும். இவை பொருத்திய அன்று இருந்த மாதிரியே இருந்தன.

“ஸ்கூல்ல போடுறதே இல்லையாடி?”

“கேட் வரைக்கும் போட்டுட்டுப் போவேன்.”

“அப்புறம் போர்டுல எழுதுறது?”

“பக்கத்துல இருக்கிறவ நோட்டை வாங்கி எழுதிக்குவேன். படத்துல ஒரு மூஞ்சி, நேர்ல ஒரு மூஞ்சியான்னு கேட்டுட்டாங்கன்னா? உனக்கென்னக்கா, நாள் பூரா உன்னைப் பாக்குறது லென்ஸ் மட்டும்தானே.”

மாலையானால் தலைவலி என்று சுண்டு சுருண்டு படுப்பதன் காரணம் அக்காவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. கண்ணாடி தடிமனாக இருப்பதுதான் குறை என்று தானாகவே முடிவு செய்தாள். மெல்லிய ரக லென்ஸ் வாங்கி, மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து விளிம்பை இழைத்தாள். சுண்டு போட்டுப் பார்த்துச் சிரித்தாள். அக்கா அதைப் படம் எடுத்தாள். பெருமை தாங்கவில்லை. தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல் கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டுவிட்டாள்: ‘மைனஸ் ஏழு. இவ்வளவு மெல்லிசு. போட்டிருப்பது என் தங்கை.’

சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டது. மறுநாள் சுண்டு பள்ளிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

“மூஞ்சி என்னுது. அதை வச்சு விளம்பரம் பண்ண உனக்கு யாரு சொன்னது?”

“தப்புதான். எடுத்துட்டேன்.”

“பார்த்தவங்க கண்ணையும் எடுத்துட்டியா?”

நல்லா இருந்ததாலதானே போட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்ததை அக்கா விழுங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வேதியியல் செய்முறைத் தேர்வு. விட்டால் இன்னொரு முறை வைக்க மாட்டார்கள். காலையில் சுண்டு சீருடையோடு வெளியே வந்தாள். கண்ணாடி மூக்கில் இருந்தது.

“எல்லாரும்தான் பார்த்தாச்சே. இனிமே கழட்டினாத்தான் ஏன்னு கேப்பாங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அன்று அக்கா இரண்டு லென்ஸைக் கெடுத்தாள். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார்.

மாலையில் சுண்டு பையை இறக்கியதும் அக்கா மெதுவாகக் கேட்டாள்: “யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“நாலு பேர் சோடாபுட்டின்னாங்க. ஒருத்தி பவர் எவ்வளவுன்னு கேட்டா. மத்தியானத்துக்கு மேல எவளும் கண்டுக்கலை.”

“பரீட்சை?”

“எழுதிட்டேன். ஆனா போர்டுல நம்ம கெமிஸ்ட்ரி சார் கையெழுத்து இவ்வளவு கேவலமா இருக்கும்னு இன்னைக்குத்தான்க்கா தெரிஞ்சுது.”

சுண்டுவின் பக்கத்தில் இன்றும் கண்ணாடி போட்ட படம் கிடையாது. அதைப் பற்றி அக்கா வாய் திறப்பதில்லை. வகுப்பில் சுண்டு நாள் முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கிறாள். வீட்டில் தலைவலி மாத்திரை வாங்கி ஆறு வாரம் ஆகிறது.