அம்மாவின் குழு ஆடாத முற்றம்

அம்மாவின் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்த மறுநாள், அவர் கோலாட்டக் குழுவோடு போன ஊர்களுக்கெல்லாம் ஒருமுறை போய் வருவோம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஓட்டோ ஓடுகிறவர்.

"ஆர் வழி காட்டுறது?"

"அம்மா சொன்ன கதையள்தான்."

பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விடிந்ததும் பெற்றோல் அடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

அம்மா மலையகத்திலிருந்து சிறுமியாக வன்னிக்கு வந்தவர். தன்னோடு களை பிடுங்கிய பெண்களைச் சேர்த்து, வேலை முடிந்த பின்னேரங்களில் பழக்கி, குழு ஒன்றை உண்டாக்கினார். எங்கள் பக்கத்தில் பெண்கள் மட்டுமே ஆடிய முதற்குழு அதுதான். கூலிக்குப் போகிற பொம்பிளையள் ஊரூராய்ப் போய் ஆடுவதா என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் மனம் ஆறாமலே இருந்தது. எந்த மேடையிலும் அவர் பேரை யாரும் சொன்னதில்லை. அவரை நினைவு வைத்திருக்கும் ஒருவரையாவது கண்டுவிட வேண்டும் என்றுதான் நான் புறப்பட்டேன்.

அம்மா ஊர்களை வீதியை வைத்துச் சொல்லமாட்டார். அங்கே சாப்பிட்டதை வைத்துத்தான் சொல்வார். அப்படித்தான் பூவரசங்குளத்தில் 'குரக்கன் புட்டு வீட்டை' விசாரித்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, இஞ்ச எல்லா வீட்டிலயும் குரக்கன் புட்டு அவிக்கிறவைதானே" என்றார். என் கணவர் சிரித்த சிரிப்புக்கு, மாங்குளம் வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

உடையார்கட்டில் 'கணவாய்க் கறி வீடு' இருந்த காணியைக் கண்டுபிடித்தோம். அங்கே புதிய கல்வீடு. அதில் இருந்தவர்கள் சண்டை முடிந்த பிறகு வந்து குடியேறியவர்கள். "பழைய ஆக்கள் இப்ப வெளிநாட்டிலயாம் அக்கா" என்று சொல்லி, இளநீர் வெட்டித் தந்தார்கள். நல்ல பிள்ளைகள். நான் பாதியைக் கணவரிடம் கொடுத்தேன்.

"காணும், வீட்ட போவம்" என்றேன்.

"பூநகரி மிச்சமெல்லோ?"

"அங்க அவை ஆடேல்லை. போன கையோட திரும்பி வந்தவை. ஏனெண்டு அம்மா சொன்னதே இல்லை."

"ஆடாட்டியும் போனவாதானே" என்றவர், பரந்தனில் என்னைக் கேட்காமலே பூநகரி வீதிக்குத் திருப்பினார். அதற்காக ஆயுள் முழுக்க அவருக்கு நன்றி சொல்வேன்.

பூநகரிக்கு அம்மா எந்தச் சாப்பாட்டையும் அடையாளம் வைக்கவில்லை. பஸ் தரிப்பில் தனியே நின்ற வயதான பெண் ஒருவரிடம், என் அம்மா முந்தி ஒரு குழுவோடு இங்கே வந்தவர் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு மூக்குத்தி போட்ட, நெடுத்த ஆளோ? கோலாட்டக்காரியோ?"

ஓம் என்று தலையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. அந்தப் பாதையில் அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவர் பஸ்ஸைப் போகவிட்டுவிட்டு எங்கள் ஓட்டோவில் ஏறி, தன் வீட்டுக்கு வழி காட்டினார்.

அவர் வீட்டு முற்றத்துக்குத்தான் அம்மாவின் குழு வந்திருந்தது.

"நான் அப்ப கலியாணம் கட்டி வந்த புதுசு" என்றார். "மாமி உங்கட ஆக்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில தேத்தண்ணி குடுத்தவா. கூலிக்கு வாறவைக்கு அப்ப அப்பிடித்தான். உங்கட அம்மா கை நீட்டேல்லை. 'கோப்பையில குடுக்கிற வீட்டுலதாங்க நாங்க ஆடுவோம்' எண்டு சொல்லிப்போட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு நடந்திட்டா. சனமெல்லாம் வாய் பிளந்துகொண்டு நிண்டது."

கணவர் என்னைப் பார்த்தார். புட்டு வீடும் கணவாய்க் கறி வீடும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கின. தங்கள் கோப்பையிலும் தட்டிலும் கொடுத்தவர்களை அம்மா ஒருவர் விடாமல் நன்றியோடு நினைவு வைத்திருந்திருக்கிறார்.

"மாமி செத்தாப் பிறகு, குசினியில இருந்த சிரட்டையளை எல்லாம் நான்தான் அடுப்பில வைச்சனான். எங்கட வயலுக்கு ஆர் வந்தாலும் இப்ப கோப்பைதான். அவாவிட்ட இதைச் சொல்லவேணுமெண்டு எத்தினை நாள் நினைச்சிருப்பன். எங்க தேடுறது?"

நான் அழுதேன். வெட்கப்படாமல், மூக்கைச் சீறிச் சீறி அழுதேன். மேடைகள் மறந்தால் மறக்கட்டும் என்று அன்றைக்கு மனம் ஆறிப்போனது.

அவர் உள்ளே போய் மூன்று கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்தார். எங்களுக்குக் கதிரைகளை இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் இருந்து குடித்தார். பிறகு, கேட்கலாமோ கூடாதோ என்று தயங்கியவர்போல், "பிள்ளைக்கு அந்த ஆட்டம் தெரியுமோ?" என்றார்.

முழங்கால் நோவு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, முற்றத்தில் இறங்கினேன்.