அக்கா பாட்டைத் திருத்திய கதை

போன வாரம் கூடலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி போன் செய்தாள். தாயகம் திரும்பியவர்கள் எழுதிய கவிதைகளை ஆராய்கிறாளாம். முப்பது வருடத்துக்கு முன் நான் போட்ட ஒரே புத்தகம் ஏதோ நூலகத்தில் அவளிடம் மாட்டியிருக்கிறது. அதைப் படித்த இரண்டாவது ஆள் அவள்தான். முதல் ஆள் நான்.

"சார், நீங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பம்னாங்க. புத்தகத்துல ஒரு தோட்டத்து வார்த்தைகூட இல்லீங்களே?"

வெளியே மழை. வாசலில் மிதியடியாகக் கிடந்த சாக்கிலிருந்து ஈர வாடை அடித்தது. அந்த வாடை வந்தால் எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிடும். சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குக்கு எங்கள் வீட்டில் படங்கு என்று பெயர். கப்பலில் வந்தபோது அவளுக்குப் பத்து வயது, நான் கைக்குழந்தை. எனக்குப் பேச வந்த சொல்லெல்லாம் அவள் கொண்டுவந்ததுதான்.

மலைச்சரிவில் நின்றபடி பாட்டுக் கட்டுவாள். அதில் ஒன்றைத்தான் நான் திருடினேன். மழையில் நனைந்து வந்தவளுக்கு உட்கார இடமில்லை என்று வரும் பாட்டு.

அப்போது நான் குன்னூரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவன். கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விட்டுப்போனால் மணமகன் வீட்டாரிடமே சண்டைக்குப் போவேன். அப்பேர்ப்பட்டவன் அக்கா பாட்டை மட்டும் சும்மா விடுவேனா? இஸ்தோப்பு என்று அவள் சொன்ன வாசல் தாழ்வாரத்தை முன்றில் ஆக்கினேன். அவள் இடுப்புப் படங்கை மேகலை ஆக்கினேன். 'முன்றிலும் அற்றாள் மேகலை நனைந்தாள்' என்று தொடங்கி எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது.

ஊட்டியில் ஒரு கவியரங்கில் அதை வாசித்தேன். அக்கா லீவு போட்டு, விடிவதற்குள் பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைமை தாங்கிய பெரியவர், "தூய தமிழ்! தம்பிக்குத் தஞ்சாவூர்ப் பக்கமோ?" என்று கேட்டார். "திருச்சிப் பக்கமுங்க" என்றேன். எங்கள் தாத்தாவின் தாத்தா அந்தப் பக்கந்தான். கடைசி வரிசையில் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளோ எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. யாரு அந்தப் பொண்ணு? பாவம், நனைஞ்சுட்டா."

"நீதாங்க்கா. உன் பாட்டுதான்."

"அப்படியா? நான் இவ்வளவு நல்லாவா பாடுனேன்?" என்றாள். நான் பெருமையோடு தலையாட்டினேன். இன்று நினைத்தால் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடத் தோன்றுகிறது.

இதையெல்லாம் போனில் சொன்னதும், மாணவிக்கு அக்காவின் பழைய பாட்டு வேண்டுமாம். எனக்கு ஞாபகம் வரவில்லை. சேரம்பாடிக்குப் போன் போட்டேன்.

"அதுக்கென்ன, சொல்றேனே," என்றாள் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டு, "முன்றிலும் அற்றாள்..." என்று ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்கே போகாதவள், என்னுடைய பதினாறு வரியையும் ஒரு ஒற்று பிசகாமல் ஒப்பித்தாள்.

"இது இல்லக்கா. நீ கட்டுனது. இஸ்தோப்புன்னு வருமே?"

"ஆமா, வரும்." ராகத்தை மட்டும் முனகிப் பார்த்தாள். "முன்னாடி என்ன, பின்னாடி என்ன... தெரியலியே தம்பி. உன் பாட்டு வந்தப்புறம் லயத்து வரிசை வீட்டுல எல்லாருக்கும் அதைத்தானே பாடிக் காட்டுனேன். என் தம்பி எழுதுனதுன்னு."

அவளோடு கொழுந்து பறித்தவர்களில் மூன்று பேர் இருக்கிறார்களாம். மூன்று பேருக்கும் என் பாட்டுதான் தெரியுமாம்.