வெளித்திரையில் என் மகள் பெயர்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போகும் சாலையில் ஒரு எடைமேடை இருக்கிறது. லாரிக்காரர்கள் வே பிரிட்ஜ் என்பார்கள். ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் ஓட்டல் கட்டும் இடங்களுக்குப் போகிற டிப்பர்கள் அதில் ஏறி இறங்கித்தான் போகும். பக்கத்தில் இருக்கிற கண்ணாடி அறையில் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதிகம் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால்தான் இதில் சேர்ந்தேன்.

எங்கள் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். என் மேசைமேல் ஒரு திரை. ஜன்னலுக்கு வெளியே, டிரைவர்களைப் பார்த்தபடி இன்னொரு பெரிய திரை. நான் பார்ப்பதையெல்லாம் அவர்களும் பார்க்கலாம். "கண்ணால பாத்துட்டா எவனும் சண்டைக்கு வரமாட்டான்" என்பார். உண்மைதான். மற்ற எடைமேடைகளில் நடக்கிற கூச்சல் எங்களிடம் கிடையாது.

ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் பழையது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மவுஸுக்கு வேலையே இல்லை. திறந்தவுடன் பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கிற எழுத்தெல்லாம் அப்படியே தெரியும். என் திரையில் தெரிந்தால் வெளித்திரையிலும் தெரியும், அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு. கரண்ட் போய் வந்தால் மறுபடியும் கேட்கும். எங்கள் பக்கம் கரண்ட் போகாத நாள் குறைவு.

என் பாஸ்வேர்டு என் மகளின் பெயர்.

அவள் பொத்தேரியில் படிக்கப் போனாள். அங்கே ஒரு பையனை விரும்பினாள். வேறு சாதி. எங்களிடம் சொன்னாள், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களே கல்யாணம் செய்துகொண்டு ஊரப்பாக்கத்தில் குடித்தனம் வைத்துவிட்டார்கள். சேதி வந்த அன்று என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு, "இனிமே இந்த வூட்ல அவ பேரு யார் வாயிலயும் வரக்கூடாது" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

அவர் கெட்டவர் இல்லை. சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் கண் அயர்ந்தாலும் அவர் அயரமாட்டார். அதனாலேயே எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. மகள் சில தடவை போன் செய்தாள். அவர் பக்கத்தில் இருந்ததால் எடுக்கவில்லை. பிறகு அவளும் செய்வதை விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ப்ரோக்ராம் போட்டுத் தந்த கம்பெனியிலிருந்து, வேலை செய்கிற ஒவ்வொருவரும் தனியாக ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். யோசிக்கவில்லை, விரல் அவள் பெயரை அடித்துவிட்டது. அதன் பிறகு காலையில் கதவைத் திறந்து, விசிறியைப் போட்டு, அவள் பெயரை அடித்துத்தான் என் நாள் தொடங்கும். ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வருவதைப் பார்ப்பேன். கரண்ட் போனால் எல்லோரும் திட்டுவார்கள். நான் மட்டும் திட்டமாட்டேன்.

டிரைவர்கள் விடுவார்களா?

"இன்னாக்கா, கம்ப்யூட்டருக்குப் பொண்ணு பேரு வெச்சிக்கீற?"

"டேய், சாமி பேருடா அது. செருப்பக் கழட்டிட்டு வண்டிய ஏத்து."

நான் தலையைக் குனிந்துகொண்டு லாரி நம்பரை அடிப்பேன். அவர்கள் வெளியூர்க்காரர்கள். கிண்டல் செய்வார்கள், சீட்டை வாங்குவார்கள், போய்விடுவார்கள்.

பயம் வந்தது என் கொழுந்தனாரால். வீட்டுக்காரரின் தம்பி, டிப்பர் ஓட்டுகிறவர். மதுராந்தகம் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் சாலைக்கு மாறிவிட்டார். ஒருநாள் மேடைமேல் வந்து நின்ற வண்டியிலிருந்து, "அண்ணி, நல்லா கீறீங்களா?" என்று கையாட்டினார். அன்றைக்கு நல்லவேளையாகக் கரண்ட் போகவில்லை. ஆனால் என்றைக்காவது போகும். அவர் அந்தப் பெயரைப் பார்ப்பார். அண்ணனிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். "எம் பேச்சுக்கு அவ்ளோதானா மரியாத? வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று வீட்டுக்காரர் என்னை வீட்டில் உட்காரவைத்துவிடுவார். அப்புறம் அந்தப் பெயருக்கு எங்கே போவேன்?

வேறு ஏதாவது சொல் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றாமல் இல்லை. மாற்றுகிற இடம் வரைக்கும் ஒருநாள் போனேன். மனசு வரவில்லை, திரும்பிவிட்டேன்.

ப்ரோக்ராம் கம்பெனிக்காரர் ஒருவர் எப்போதாவது போனில் பேசுவார். அவரிடம் கேட்க வேண்டும் என்று பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்து, ஒருவழியாகக் கேட்டேன்.

"சார், நான் அடிக்கிற பாஸ்வேர்டு திரையில தெரியாம செய்ய முடியுங்களா?"

"இன்னுமா மேடம் தெரியுது?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "லாரி நம்பர் வாங்கற மாதிரியே பாஸ்வேர்டையும் வாங்கி வெச்சிருக்காங்க. அதான் காட்டிகினு கீது. காட்டாம வாங்கறதுக்குத் தனியா ஒரு வழி இருக்கு. ஸ்டார் ஸ்டாரா வர்ற மாதிரி பண்ணிடட்டா?"

"ஸ்டாரை எண்ணிடுவாங்க சார்."

"எண்ணி இன்னா பண்ணப் போறாங்க?" என்று சிரித்தார். "சரி, ஒண்ணுமே தெரியாம வெச்சிடறேன். நீங்க அடிப்பீங்க, திரை சும்மா இருக்கும். ஆனா உள்ள ஏறிக்கும்."

அன்று மத்தியானமே அவர் அலுவலகத்திலிருந்தபடி மாற்றிவிட்டார். மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோதே கரண்ட் இல்லை. அது திரும்பி வந்தபோது சாலை வரைக்கும் லாரிகள் நின்றன. மேடைமேல் கொழுந்தனாரின் டிப்பர்.

அவள் பெயரை அடித்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

நான் கேட்டு வாங்கிய மாற்றம்தான். இருந்தும் விரல் நம்பவில்லை. எழுத்து வருவதைப் பார்த்துப் பார்த்தே அடித்துப் பழகிய விரல். கீபோர்டு வேலை செய்யவில்லையோ என்று அதன்மேலேயே இன்னொரு முறை அடித்தேன். ஒரு பெயர் இரண்டு பெயராக ஒட்டிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். தப்பு என்றது. இன்னும் அழுத்தி அழுத்தி அடித்தேன். மறுபடி தப்பு. கடைசியில் ப்ரோக்ராம் பூட்டிக்கொண்டது.

ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "இன்னாக்கா, பேஜாரு பண்ற! வெயில்ல வண்டி நின்னுகினு கீது!" கொழுந்தனார் இறங்கி ஜன்னல் பக்கம் வந்தார். "இன்னா அண்ணி, எதுனா ஒத்தாச வேணுமா?"

கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். இரண்டு கையும் கீபோர்டில் வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் வைத்தேன்.

"லாக் எடுத்துட்டேன் மேடம். ஆனா சரியாத்தான் அடிக்கிறீங்களான்னு பாக்கணும். பாஸ்வேர்டு இன்னான்னு வாயால சொல்லுங்க."

கொழுந்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"கேக்கல மேடம், லாரி சத்தம்."

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"இன்னும் கேக்கல. கத்தித்தான் சொல்லுங்களேன்!"

கத்தினேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுவேனே, அதே குரல் வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வெளியே ஒரு டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

"ஆங், அதான். ஒரே ஒரு தடவ அடிங்க. தெரியலன்னு திரும்ப அடிக்காதீங்க."

அடித்தேன். திறந்துகொண்டது. எடை வந்தது. சீட்டை எடுத்துக் கொழுந்தனாரிடம் நீட்டினேன், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் சீட்டை வாங்கினார், ஆனால் போகவில்லை.

"போன மாசம் ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல பாத்தேன் அண்ணி. வேலைக்குப் போய்க்கினு கீது. என்னைப் பாத்துட்டு, 'சித்தப்பா, அம்மா எப்டி கீறாங்க'ன்னு கேட்டுச்சி. எளச்சிப் போயிக்கீது." சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "அண்ணன் கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றார். பின்னால் நின்றவர்கள் மறுபடி ஹாரன் அடித்தார்கள். "வரேன்டா, இன்னாத்துக்குக் கூவற?" என்று திட்டிக்கொண்டே வண்டியில் ஏறிப் போனார்.

அவர் சொல்லமாட்டார் என்றதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை முடியும் வரைக்கும் அவள் இளைத்துப்போனதே மனதில் நின்றது.

சாயங்காலம் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் பெயரைச் சொன்னேன். பகலில் ஒரு தடவை கத்திவிட்டதால் வாய்க்குப் பழகியிருந்தது போலிருக்கிறது. "எளச்சிப் போயிட்டாளாம்" என்றேன்.

அவர் கை தட்டிலேயே நின்றது. தட்டை நகர்த்துவார் என்று நினைத்தேன்.

"யாரு சொன்னா?"

"உங்க தம்பி. ஸ்டேஷன்ல பாத்தாராம்."

சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு சடாரென்று என்மேல் பாய்ந்தார்.

"இன்னாத்துக்கு எளைக்கிறா? வேளைக்கு சாப்புடறாளா இல்லியா? பெத்தவதானே, ஒரு போன் போட்டுக் கேக்க மாட்டியா நீ?"

நான் கரண்டியை வைத்துவிட்டுப் போனைத் தேடப் போனேன்.